கரைச் சங்கத்துக் கொடி

எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அடிதடிக்கு அஞ்ச மாட்டார்கள். ஆனால் கூடி உட்கார்ந்து சட்டம் என்று ஒன்றைப் போட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு அதற்குக் கட்டுப்படுவார்கள்.

கரைச் சங்கத்தை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர் தேவஇரக்கம். மெசபடோமியா சண்டைக்குப் போய்த் திரும்பியவர். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தோல் பெல்ட்டும், எதற்கெடுத்தாலும் சட்டம் போடுகிற புத்தியும்தான். அப்போதெல்லாம் எங்கள் கண்மாயின் கிழக்குக் கரையில் மாடும் மனிதரும் ஒரே சேற்றில் புரள்வார்கள். பெண்கள் விடியுமுன்னே போய் விடியுமுன்னே திரும்புவோம். அப்படியும் கருவேல மரத்துக்குப் பின்னால் எவனாவது நிற்பான். இவர் கீழத்தெருவைக் கூட்டினார். வேதக்காரர், இந்து என்று பாராமல் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். முள்ளை வெட்டினார்கள், ராஜபாளையத்திலிருந்து வண்டியில் கல் கொண்டுவந்து படி கட்டினார்கள், ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பினார்கள்.

சட்டம் கொஞ்சம்தான். மாடு அந்தப் பக்கம் இறங்கக் கூடாது. கரைமேல் ஒரு மூங்கில் நட்டிருக்கும். பெண்கள் குளிக்கப் போகும்போது அதில் சிவப்புச் சேலையைக் கட்டிவிட்டுப் போவோம். அது பறக்கிறவரை மீசை முளைத்த எவனும் கரையைத் தாண்டக் கூடாது. கட்டுவதும் அவிழ்ப்பதும் பெண்கள்தான். ஒருமுறை ஒருவன் உள்ளே வந்துவிட்டு, பாம்பு என்று யாரோ கத்தினார்கள், காப்பாற்ற வந்தேன் என்று சாக்குச் சொன்னான். அதிலிருந்து, உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மீறி வந்தவனை ஈரத்துணியை முறுக்கி நாங்களே வெளுத்து அனுப்புவோம். மூங்கிலடியில் எப்போதும் சுற்றிக் கிடக்கும் அந்தச் சேலை என்னுடையது, கிழிந்துபோன அரக்குச் சேலை.

மேலத்தெருவில் நிலபுலன் உள்ளவன் காசிராஜன். அவன் காளைகள் காலங்காலமாக அந்தத் துறையில்தான் தண்ணீர் குடித்தன. எந்தப் பயல் போட்ட சட்டம் என்று கேட்டுக்கொண்டு, ஒருநாள் சேலை பறக்கும்போதே காளைகளை எங்கள் நடுவே ஓட்டிக்கொண்டு இறங்கினான். நாங்கள் அடித்து விரட்டினோம். அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் அவனை அதே மூங்கிலில் கட்டிவைத்து, இரண்டு தெருவும் பார்க்க, பெல்ட்டால் அடித்தார். முதுகுத் தோல் உரிந்தது. கட்டு அவிழ்ந்து விழுந்த பிறகும் அடித்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காசிராஜன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தான்.

“தேவஇரக்கம், இந்தச் சேலைய வச்சே ஒன்னைய முடிக்கேன். பாத்துக்கோ” என்றான்.

வாய்ச்சவடால் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் தை அறுப்புக்கு எங்கள் தெருப் பெண்கள் மொத்தமும் புதுப்பட்டிப் பக்கத்து வயலுக்குப் போயிருந்தோம். குளிக்க ஆள் இல்லாத நேரம் பார்த்து, பெயர்ந்த படிக்கல்லைப் பூசிவிடலாமென்று இவர் கரண்டியும் சுண்ணாம்புமாகத் தனியே துறைக்குப் போனார். இருட்டும்வரை நாங்கள் திரும்ப மாட்டோம் என்பது காசிராஜனுக்குத் தெரியும். பொழுதுசாயும் முன்பே மலைப்பக்கம் மேகம் திரண்டு, அறுத்த கதிரைக் கட்டிப்போட்டுவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம் என்பதுதான் தெரியாது.

கரைக்கு வெளியே ஆண்கள் துண்டும் கையுமாகக் குந்தியிருந்தார்கள். என் கொழுந்தன் மைக்கேல் இருந்தான், பால்ச்சாமி இருந்தார், இன்னும் நாலைந்து பேர். மூங்கிலில் சேலை பறந்தது. மேகத்தைப் பார்த்து நாங்கள் அறுப்பிலிருந்து முன்னாலேயே வந்துவிட்டதாக எண்ணியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் “அருளு, அருளு” என்று கத்துவது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. சட்டம் போட்டவரே தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டார், பெண்கள் துணியை முறுக்கி வெளுக்கிறார்கள், பெண்டாட்டியைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு தாங்கவில்லையாம். இன்னும் நாலு போடுங்க மதினி என்று மைக்கேல் இங்கிருந்தே சத்தம் கொடுத்தானாம்.

அவர்களுக்குப் பின்னாலிருந்து நாங்கள் வந்தோம். பால்ச்சாமிதான் முதலில் திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. மைக்கேல் என் முகத்தையும் பின்னால் நின்ற பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மதினி, நீங்க இங்க இருக்கிய. அப்ப உள்ள யாரு?”

நான் மூங்கிலைப் பார்த்தேன். என் சேலைதான். ஆனால் அதில் போட்டிருந்தது மாடு கட்டுகிற முடிச்சு.

கரையேறி ஓடினேன். கடைசிப் படியில் கிடந்தார். தோளிலிருந்து கழுத்துவரை வெட்டு. வலது கை பாதிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கையில் கரண்டியை இன்னும் விடவில்லை. மடியில் தூக்கி வைத்ததும் என்னைத் தெரிந்துகொண்டார்.

“எம்புட்டு நேரமாக் கூப்பிட்டேன்” என்றார். என் மடியிலேயே அடங்கிவிட்டார்.

காசிராஜன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனோடு வந்த மச்சான்மார் இருவரும் அக்கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவனும் பின்னுக்கு நகர்ந்தான். நாங்கள் கொட்டிய மணல் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்பது அங்கே குளிப்பவர்களுக்குத்தான் தெரியும். தொடைவரை புதைந்து நின்றுவிட்டான். போங்கடி வீட்டுக்கு என்று அரிவாளை ஓங்கிக் காட்டினான்.

கரைமேலிருந்து மைக்கேல் கத்தினான். “மதினி, சேலைய அவுத்து விடுங்க. நாங்க வாரோம்.”

திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார், அப்போதும் ஒரு கால் கரையைத் தாண்டி வரவில்லை. காசிராஜன்மேல் வந்ததைவிட அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

“அது பறக்கட்டும்லே. நீங்க சட்டத்த மீறாம அங்கயே நில்லுங்க. திரும்பி நில்லுங்க” என்றேன்.

திரும்பி நின்றார்கள்.

முதலில் தண்ணீரில் இறங்கியவள் அங்காளம்மாள். காசிராஜனுக்குச் சித்தப்பா மகள், கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவன் வீசிய முதல் வீச்சு அவள் முன்கையைக் கிழித்தது. அடுத்த வீச்சுக்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லார் கையிலும் கதிர் அரிவாள் இருந்தது. காலையிலிருந்து குனிந்து அறுத்த கைகள், நிற்காமல் அறுத்தன. அவனும் கூப்பிட்டான். முதலில் அம்மாவை, பிறகு பால்ச்சாமியை, மைக்கேலை, பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லாம் முடிந்து, அரிவாளையும் கையையும் கழுவிய பிறகுதான் நான் போய் அந்த முடிச்சை அவிழ்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். எங்களைக் கேட்டார், நாங்கள் வாயே திறக்கவில்லை. ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். சேலை பறந்தது, நாங்கள் பார்க்கவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். சத்தம்கூடவா கேட்கவில்லை என்று மைக்கேலை அதட்டினார்.

“கேட்டுச்சு எசமான். கேட்டாலும் எட்டிப் பாக்கக் கூடாது. எங்க அண்ணன் போட்ட சட்டம்” என்றான். சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதான்.

அக்கரைக்கு நீந்திப் போன மச்சான்மாரும் தங்கள் கழுத்துக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. மைக்கேலின் அந்த வார்த்தைதான் எங்களைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்றியது என்று அங்காளம்மாள் இன்றைக்கும் சொல்வாள். அதற்காகவாவது நான் அவனை மன்னித்திருக்கலாம். மன்னிக்கவில்லை.