கழித்துப்போட்ட வீல்கள்

காரைக் கடைக்குள் விட்ட ஐந்தாவது நிமிடமே பிரின்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

கார் அலங்காரக் கடைக்காரன் பரத் ஒரு கேட்லாக்கை விரித்து அவளுடைய தம்பி அன்புராஜிடம் நீட்டினான். முன் பம்பருக்கு அடியில் மாட்டும் லிப் தரையிலிருந்து எத்தனை இஞ்ச் உயரத்தில் நிற்கும் என்று பிரின்சி கேட்டாள். பரத் அன்புராஜைப் பார்த்துப் பதில் சொன்னான். அது ஃபைபரா, ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்கா என்று கேட்டாள். அதற்கும் அன்புராஜையே பார்த்துச் சொன்னான்.

"கேட்டது நானு," என்றாள்.

"சாரி மேடம். சார்தான ஓட்டப் போறாரு, அதான்."

கார் அன்புராஜுடையது. சென்னையில் ஒரு டாக்டர் ஆறு வருடம் ஓட்டிய வெள்ளை டர்போ செடான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கும் அன்புராஜ் மூன்று மாதம் முன்பு அதை வாங்கிப் பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணிக்கு ஓட்டிவந்தபோது, அவர்கள் தெருவில் நின்ற முதல் கார் அதுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்த்த பிள்ளைகள். தெருவே காரைச் சுற்றி வந்து பார்த்தது. அன்றிலிருந்து அவன் போனில் காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் பாடி கிட் வீடியோக்களைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்த கையோடு அக்காவையும் ஏற்றிக்கொண்டு, பெரியபாளையத்து ஆடிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்து, திருவள்ளூர் மணவாள நகரிலிருந்த இந்தக் கடைக்கு வந்திருந்தான்.

அவன் எல்லாவற்றையும் பெரிதாகவே கேட்டான். தரையைத் தொடும் லிப். இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் ஸ்கர்ட். பின்னால் டிக்கி மேல் உயரமாக ஒரு விங்.

"கல்யாண மண்டபத்து பெஞ்ச தூக்கி டிக்கி மேல வெச்ச மாதிரி இருக்குது," என்றாள் பிரின்சி. "நம்ம தெரு முனையில இருக்கற ஸ்பீடு பிரேக்கர்ல இந்த லிப்பு மொத நாளே பேந்துடும். அர இஞ்ச் சின்னதா எடு. ஃபைபர் வாணாம், ஒரு இடி இடிச்சா வெடிக்கும். பிளாஸ்டிக்ல எடு."

"அக்கா, வண்டி எனக்கா உனக்கா?"

"உனுக்குதான். அதான் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சின்ன லிப், பக்கத்து ஸ்கர்ட், டிக்கி விளிம்போடு படிந்து நிற்கும் சிறிய ஸ்பாய்லர் என்று முடிவாயிற்று. விங்கை விடும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு வீல் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் போனதும் முகம் மாறிவிட்டது. வரிசையாகத் தொங்கிய முப்பது நாற்பது வீல்களில் ஒன்றின் முன்னால் போய் நின்றான். பதினெட்டு இஞ்ச். இரண்டிரண்டாகப் பிரிந்து போகும் ஐந்து ஸ்போக். துப்பாக்கிக் குழல் போன்ற கருஞ்சாம்பல் நிறம்.

"இதான்க்கா. இதான் வோணும்."

பிரின்சி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"டேய், இது எங்க கம்பெனி வீலுடா!"

சிப்காட்டில் ஓர் அலாய் வீல் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக அவளுக்கு எக்ஸ்ரே அறையில் வேலை. வார்த்து, கடைந்து வரும் ஒவ்வொரு வீலையும் பெயின்ட் அடிக்குமுன் ஒரு முறை எக்ஸ்ரேயில் சுற்றவிட்டு, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். இந்த டிசைனை ஷிஃப்டுக்கு முந்நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் எல்லாம் சாம்பல் நிழலாக. பெயின்ட் அடித்து, விளக்கு வெளிச்சத்தில், இவ்வளவு அழகாக இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"இல்ல மேடம், இது ஜெர்மன் இம்போர்ட்டு," என்றான் பரத்.

"ஜெர்மனிக்குப் போறது. அங்கேர்ந்து வர்றது இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீல் வெளிநாட்டுக்கு மட்டும் போவது. ஒன்றுகூட உள்ளூரில் விற்பதில்லை. அப்படியானால் திருவள்ளூர்ச் சுவரில் எப்படித் தொங்குகிறது?

கொக்கியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தாள். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். ஸ்போக்கின் அடியில் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். வார்ப்பின் சொரசொரப்பு ஓர் இடத்தில் மட்டும் இல்லை. வழவழவென்றிருந்தது. ஸ்கூட்டி சாவியை எடுத்து அங்கே சுரண்டினாள்.

"மேடம், மேடம், இன்னா பண்றீங்க?"

பெயின்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளே கிரைண்டரால் போட்ட ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் பஞ்ச் அடித்த எண்: 14.

பதினான்கு அவளுடைய எண். எக்ஸ்ரேயில் தேறாத வீலில் பரிசோதித்தவர் தன் கையாலேயே இந்த வெட்டைப் போட்டு, எண்ணைக் குத்தி, உலையில் உருக்க அனுப்ப வேண்டும். இந்த வீலை ஓடக்கூடாது என்று கழித்துப்போட்டவள் அவள்தான். தம்பி அதைத்தான் கை காட்டி நின்றான்.

அதே டிசைனில் அடுத்த வீலை எடுத்தாள். சுரண்டினாள். வெட்டு. அடுத்தது. வெட்டு. நான்காவதில் வேறோர் எண், வேறொரு ஷிஃப்ட். உதிர்ந்த பட்டி அவள் செருப்பின் மேல் விழுந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?" அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. சீட் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"மேடம், கத்தாதீங்க. ஃபேக்டரி செகண்ட்ஸு. பெயின்ட்ல சின்ன கோடு, அதான் கழிச்சிட்டாங்கன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே கழிச்சது இது! யார் குடுத்தது?"

பரத் அன்புராஜைப் பார்த்தான். அன்புராஜ் தரையைப் பார்த்தான்.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"ஊட்டுக்குப் போறதுக்கு நீ உசுரோட இருக்கணும்டா!"

பரத் கடைசியில் பெயரைச் சொன்னான். பாக்கியராஜ்.

பாக்கியராஜ் அவளுடைய தொழிற்சாலையில், கழித்த வீல்கள் போய்ச் சேரும் ஸ்கிராப் யார்டின் பொறுப்பாளர். ஒன்பது வருடம் முன்பு அவளைக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவர். அன்று காலைகூட ஆலயத்தில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வீலை அவளே தூக்கிக் காரின் டிக்கியில் போட்டாள். பரத் தடுக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். பாடி கிட் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் வெங்கல் தாண்டியாயிற்று. அன்புராஜ் சொன்னான்:

"ஒரு பொருள நிம்மதியா வாங்க வுட மாட்ட நீ. எங்க போனாலும் பேஜாரு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் சொன்னால் ஓடும் வண்டியிலேயே அவனை அறைந்துவிடுவாள் போலிருந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் வீலைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனாள். கேட்டில் செக்யூரிட்டி, "வெளிய எடுத்துகினு போனாத்தாம்மா செக்கிங்கு. உள்ள எடுத்துகினு வர்றதுக்கு இன்னா எழுதறது?" என்று விட்டுவிட்டார். நேராக ஸ்கிராப் யார்டுக்குப் போனாள். பாக்கியராஜ் டம்ளரில் டீயோடு நின்றிருந்தார். சாக்கை அவிழ்த்து வீலை அவர் காலடியில் வைத்தாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"உள்ள கடுகளவு குமிழி, பிரின்சி. உன் மெஷினுக்குத் தெரியும். ரோட்டுக்குத் தெரியுமா?"

"குழியில எறங்கும்போது தெரியும்ணே. என் தம்பி இதத்தான் மாட்ட இருந்தான்."

"தெரிஞ்சா நானே வாணாம்னு சொல்லியிருப்பேன். உன் தம்பி எனுக்கும் தம்பிதான?"

அதைக் கேட்டதும் அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்ப மாட்டினவன்லாம் யாரு? தம்பி இல்லியா?"

"மெதுவா பேசு. உன்ன இங்க இட்டாந்து சேத்தது யாருன்னு யோசி."

"நீங்கதான். கழிக்கிற வேலைக்கு சேத்தீங்க. கழிச்சேன். நீங்க பட்டி தடவி வித்தீங்க."

வீலைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு நடந்தாள். தர மேலாளர் ஜோதிலட்சுமி அங்கே இருந்தார். என்ன விஷயம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பிரின்சி வீலை இடி சோதனை மெஷினில் பூட்டினாள். மேலிருந்து ஓர் எடை வீலின் விளிம்பில் விழும். நல்ல வீல் வளையும். உடையாது.

"பிரின்சி, யார கேட்டு இத..."

"பாருங்க மேடம். பாத்துட்டுப் பேசுங்க."

பட்டனை அழுத்தினாள். எடை விழுந்தது. சத்தம் வழக்கமானதாக இல்லை. வறண்ட, சுருக்கமான சத்தம். ஒரு ஜோடி ஸ்போக் அடியோடு பிளந்து, விளிம்பில் கால்வாசி பெயர்ந்து கூண்டுக்குள் விழுந்தது. பிளந்த இடம் ரொட்டித் துண்டு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஜோதிலட்சுமி குனிந்து ஒரு துண்டை எடுத்தார். பிளந்த இடத்தை விரலால் தடவியபடி, பிரின்சி சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

மதியத்துக்குள் பாக்கியராஜின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கிராப் லாரியைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு ஜோதிலட்சுமி அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நல்ல வேலை பண்ண. ஆனா இத வெளிய பேசாத. எக்ஸ்போர்ட் கஸ்டமர் காதுக்குப் போனா மொத்த ஆர்டரும் போயிடும். உன் வேலையும் சேத்துதான்."

"ஏற்கெனவே வித்துட்டாங்களே மேடம், அந்த வீலுங்க?"

"லீகல்ல பாத்துப்பாங்க. ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் வரைக்கும் அவுங்கல்லாம் வண்டிய எடுக்காம நிறுத்தி வெப்பாங்களா?"

ஜோதிலட்சுமி மேஜை டிராயரைத் திறந்தார். கேட் பாஸ் இல்லாமல் பொருள் கொண்டுவந்ததற்கு ஒரு மெமோவை மேஜை மேல் வைத்தார். "இது ரூலு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரின்சி அதை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வீட்டில் அன்புராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீல் உடைந்த விதத்தை அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் இறங்கியது. உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"நாளைக்கு லீவு சொல்லு," என்றான். "ரெண்டு பேரும் போறோம்."

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் அன்புராஜ் காரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். எந்த வண்டியும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. பிரின்சி ஒரு நாற்காலியை இழுத்துப் பரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தினி வண்டிக்கு மாட்டுன?"

"மேடம், நானும்தான் ஏமாந்தேன். சொன்னா கடை பேரு கெட்டுடும்."

"எத்தினி வண்டி?"

"பதினொண்ணு."

"போன் போடு. ஒவ்வொருத்தருக்கா. என் எதிர்ல."

பரத் அன்புராஜைப் பார்த்தான்.

"என்ன இன்னாத்துக்குப் பாக்கற?" என்றான் அன்புராஜ். "அக்கா சொல்லுதில்ல?"

பரத் போனை எடுத்தான். முதல் ஆள் நம்பவில்லை. இரண்டாவது ஆள் கெட்ட வார்த்தையில் திட்டினான். மூன்றாவது ஆள் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும் வழியில் ஊத்துக்கோட்டையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரத் மென்று விழுங்கிப் பேசியதைப் பொறுக்க முடியாமல் பிரின்சி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அந்த வீலு எங்க கம்பெனியில கழிச்ச வீலு. உள்ள ஓட்ட. மலை மேல ஏறாதீங்க. புள்ளைங்கள பஸ்ஸுல ஏத்துங்க. வண்டிய அங்கியே வுடுங்க, இங்கேர்ந்து நல்ல வீல் எடுத்துகினு ஆள் வரும்."

அந்தப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ யாரும்மா?" என்றார்.

"அத கழிச்சவ."

மாலைக்குள் ஆறு வண்டிகள் வந்து வீலைக் கழற்றின. ஊத்துக்கோட்டைக்குப் பரத்தின் ஃபிட்டர் போய்வந்தான். மூன்று பேர் மறுநாள் வருவதாகச் சொன்னார்கள், வந்தார்கள். ஒருவர் மட்டும், செங்குன்றத்துக்காரர், "நல்லாத்தான் ஓடுது, உங்க சண்டையில என்ன இழுக்காத" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பிரின்சி புதன், வியாழன் இரண்டு நாளும் டீ இடைவேளைகளில் அழைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் தம்பியோடு அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றாள்.

நாற்பது வயதுக்காரர். எரிச்சலோடு வந்தார். பிரின்சி நேராக அவருடைய வண்டியிடம் போனாள். குனிந்து வீலின் பின்னால் கையை விட்டுச் சுரண்டி, போனில் வெளிச்சம் போட்டுக் காட்டினாள். அவர் பெருக்கல் குறியைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் போனார். அங்கே அவள் சுரண்ட வேண்டியிருக்கவில்லை. ஸ்போக்கின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"காலைல இதுலதான் என் பொண்ண காலேஜ்ல விட்டுட்டு வந்தேன்," என்றார். குரல் உடைந்து, உடனே ஏறியது. "உங்க கம்பெனி மேல, அந்தக் கடைக்காரன் மேல, எல்லார் மேலயும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். ஒருத்தரையும் விட மாட்டேன்."

அன்புராஜ் அக்காவைப் பார்த்தான். வேலை போய்விடும் என்று ஜோதிலட்சுமி சொன்னது அவனுக்கும் தெரியும்.

"குடுங்க," என்றாள் பிரின்சி. "சாட்சிக்கு என் பேரையும் எழுதுங்க. ஆனா இந்த வண்டியில போவ வாணாம்."

தம்பியின் காரின் பின்கதவை அவருக்குத் திறந்துவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.