சேட்டுப் பையில் ஒரு இலக்கம்

என் கூடப்பிறந்த நானாவின் சேட்டைத் துவைக்க எடுத்தபோதுதான் அந்தக் கடதாசித் துண்டு கிடைத்தது. ஒரு தொலைபேசி இலக்கம். கீழே, ‘வெள்ளி, அஸருக்குப் பிறகு, வாவிக்கரை’ என்று எழுதியிருந்தது. எழுத்து அவருடையதல்ல.

முன்பும் இப்படித்தான் தொடங்கியது. யாரோ இரகசியமாக நடத்திய தீவிர மார்க்க வகுப்புகளுக்குப் போனார். பிறகு என் கலியாணத்துக்குக்கூட வராமல், நாங்கள் எல்லாரும் வழிகெட்டவர்கள் என்றார். பொலிஸ் பிடித்தது. புனர்வாழ்வு முகாமில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து இப்போது ஏழு மாதம். பக்கீர் என்ற அவர் பெயரைக் கேட்டதும் எங்கும் வேலையில்லை என்றார்கள். கல்குடா வீதியில் பிரிட்ஜ் திருத்தும் கடை நடத்தும் சிவதர்ஷன் அண்ணன் மட்டும்தான் சேர்த்துக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானா சைக்கிளை எடுத்தார்.

“எங்க நானா?”

“வந்து சொல்றன்.”

ஓட்டோ பிடித்துப் பின்னால் போனேன். வாவிக்கரையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான். நானா அவனைப் பார்க்காமலே மிதித்தார். அவன் மெல்லப் பின்தொடர்ந்தான்.

நானா நின்றது விதுசா மிஸ்ஸின் வீட்டு வாசலில். முகாமில் நானாவோடு பேச வந்த ஆலோசகர் அவர். நானா வெளியே வந்த பிறகும் கிழமைக்கொருமுறை தொலைபேசியில் அழைப்பார். மிஸ் வெளியே வரவும் மோட்டார் சைக்கிள் நிற்காமல் போய்விட்டது.

என்னைக் கண்டு நானா திகைத்தார். “நீயும் சந்தேகப்பட்டியா, நிஸ்மியா?”

நான் அந்தக் கடதாசித் துண்டை நீட்டினேன்.

“பழைய வகுப்பு ஆள் ஒருத்தன் மூண்டு நாளாக் கடையடியில வந்து நிக்கிறான், மிஸ், இந்தத் துண்டையும் என்ட பையில திணிச்சிட்டான்,” என்றார் நானா. “பொலிஸுக்குச் சொன்னா என்னைத்தான் திரும்பப் பிடிப்பாங்க. சொல்லாட்டி இவன் விடமாட்டான்.”

“நானும் கூட வாறன். இப்பவே பொலிஸுக்குப் போவம்,” என்றார் மிஸ்.

ஓட்டோவில் நானா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “முகாமில எத்தினையோ பேர் பாடம் நடத்தினாங்க. நான் சொன்னதைக் கேட்டவ இவ மட்டும்தான்.”

பொலிஸ் நிலையத்துக்குள் மிஸ்ஸோடு நானா போய் இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் கைவிலங்கோடு வருவார் என்றே நினைத்தேன். செய்தி கேட்டுச் சிவதர்ஷன் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். “கேட்டா நானும் சொல்றன், அவன் என்ட கடை ஆள் எண்டு.”

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நானா வெளியே வந்தார். கைகள் வெறுமையாக இருந்தன. நான் அழுது மன்னிப்புக் கேட்டேன்.

“பயந்ததுக்கு என்ன மன்னிப்பு? நானும்தான் பயந்தன்.”

இரண்டு கிழமையில் அந்த மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்துவிட்டார்கள். அவனோடு இன்னும் எத்தனை பேர் என்று தெரியாது. கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நானா அழைத்துச் சொல்லும்வரை எங்கள் உம்மா சாப்பிடுவதில்லை.