உளவாளி கண்டுபிடித்த சங்கேதம்

அழகரத்தினம் மேடையில் அளந்துகொண்டிருந்தார். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். தேற்றாத்தீவு வாசிகசாலையில் அவருடைய புத்தக வெளியீடு. யுத்தகாலத்தில் தான் உளவாளியாக இருந்த கதையாம். எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டால் சிரிப்பார். கேட்கிறவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்குத்தான்.

நான் போனது மகளுக்காக. கஜானி வரவேற்பு நடனம் ஆடினாள். சலங்கை கட்டிவிடப் போய் மாட்டிக்கொண்டேன்.

தாமரைத் தண்டால் மூச்சு விட்டபடி களப்பின் அடியால் நாலு மைல் நீந்தினாராம். எங்கள் களப்பு கடலோரத்து உப்பேரி, பாதி இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். நீந்தினால் முதுகு வெளியே தெரியும். முகாம் பெரியவருக்கு முடி வெட்டிக்கொண்டே சுவரில் இருந்த வரைபடத்தை மனப்பாடம் செய்தாராம். களப்பிலேயே கிடக்கும் தோணிக்காரர்கூட வாயைப் பிளந்து கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

என் புருஷன் உதயரூபனும் களப்பில் மீன் பிடித்தவர்தான். எங்கள் ஊர் குருக்கள்மடம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 25, நத்தாரன்று பின்னேரம் வலை எடுக்கப் போனவர் வரவில்லை. விடிந்தால் சுனாமி. காணாமல் போன எல்லோரையும் கடலின் கணக்கில் எழுதினார்கள், அவரையும் எழுதினார்கள். உடல் கிடைக்கவில்லை. எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் ஒரு பிடி மண்ணாவது எடுத்து வந்து கிரியை செய்யலாம். எனக்கு வேறு ஆசை இல்லை.

மேடையில் அடுத்த சாகசம் தொடங்கியது.

“ஒரு மீன்காரன். ஒவ்வொரு நாளும் களப்பில கம்பு நட்டு ஒவ்வொரு நிறத்தில துணி கட்டுவான். கரையில முகாம். நான் பத்தைக்குள்ள இருந்து பத்து நாள் எழுதினன். சிவப்பு எண்டா ஆள் நடமாட்டம், மஞ்சள் எண்டா ஆயுதம். கடைசி நாள் வாத்துப் படம் போட்ட துணி. அதுக்கு மட்டும் அர்த்தம் பிடிபடல்ல. ஆனா அந்த நத்தார் அண்டைக்கே ஆளை மடக்கியாச்சு!”

கைதட்டல்.

வாத்துப் படம் போட்டது கஜானியின் சட்டை. வலை கிடப்பது தெரியாமல் இன்னொரு தோணி ஏறிவிடக் கூடாது என்று கம்பில் கிழிசல் கட்டுவது களப்பில் எல்லோரும் செய்வது. மாரிக் காற்றுக்கு ஒரு கிழிசல் ஒரு நாள் தாங்காது. கையில் அகப்பட்டதை நான்தான் தினமும் கிழித்துக் கொடுத்தேன். சிவப்பு என் பழைய சீலை, மஞ்சள் ஜன்னல் துணி. அன்று ஒன்றும் அகப்படாமல் பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டையைக் கிழித்தேன். இதில் சங்கேதம் கண்டுபிடித்திருக்கிறான் பாவி. இனி அவனுக்கு மரியாதை ஒரு கேடா?

எழுந்து நின்றேன். “அந்த மீன்காரன்ட பேர் உதயரூபன். நான் அவர்ட பெண்சாதி. ஆளை எந்த மண்ணில தாட்டீங்க?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளுத்தது. உடனே பல்லைக் காட்டினான்.

“தங்கச்சி, புத்தகம் எண்டா கொஞ்சம் கூட்டிக் குறைச்சித்தான் எழுதிற. இது சும்மா கற்பனை.”

“கற்பனையில வாத்து எப்பிடி வந்த?”

வாசிகசாலைத் தலைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “இருங்க புள்ள. உங்கட அவர் சுனாமியில போனவர். நினைவுக் கல்லில பேரும் இருக்கே.”

சுற்றியிருந்தவர்கள் ஓம் ஓம் என்றார்கள். தாமரைத் தண்டை நம்பியவர்களுக்கு இதை நம்ப முடியவில்லை. அந்த ஆள் சொன்னதில் நான் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

தேநீர் நேரத்தில் அவனைச் சுவரோரம் மறித்தேன். கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

“எலும்பாவது வேணும். இடத்தைச் சொல்லுங்க.”

“சத்தியமா எனக்குத் தெரியா தங்கச்சி. எழுதிக் குடுக்கிறதோட என்ட வேலை முடிஞ்சிரும். மறுகா என்ன நடந்ததெண்டு நான் கேக்கிறல்ல.” அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஒண்டு கேக்கட்டா? அந்த வாத்துத் துணிக்கு உண்மையா என்ன அர்த்தம்?”

காறித் துப்பினேன். அவன் சப்பாத்தில் விழுந்தது. அவன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தான். கோபம்கூட வரவில்லை அந்தப் பிறவிக்கு.

கஜானி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். றோட்டுக்கு வந்ததும் என் சீலையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்ப அப்பா கடலில இல்லையாம்மா?”

“இல்ல மகள்.”

“எங்க?”

“தெரியா. பிடிச்சிக் குடுத்தவனுக்கே தெரியாதாம்.”