பாட்டுக்காரிக்கு வந்த சேலை

பொன்னுராஜுக்குப் பெண் குரல் அச்சாக வரும். பாட்டுக்காரிகள் எளிதில் கிடைக்காத எண்பதுகளில், ராஜபாளையத்து மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் சொத்து. கல்யாண மண்டபமோ கோயில் திருவிழாவோ, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று பாடுவார். பாதிப் பாட்டில் அறிவிப்பாளர் காசிராஜன் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வருவான். அந்த மீசையைப் பார்த்ததும் கூட்டம் விசிலடித்துத் தீர்த்துவிடும்.

வன்னியம்பட்டிப் பொங்கலில் மட்டும் அவர் காசிராஜனைக் கெஞ்சினார்.

"ஏலே, இன்னைக்கு என்னைய வெளிய இழுத்துராத. எம்மக செல்லக்கனிய இந்த ஊர்லதான் கட்டிக்குடுக்கப் போறேன். தபேலா வாசிக்கேன்னுதான் சம்பந்தி வீட்டுல சொல்லியிருக்கேன்."

"பாட்டுக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி?"

"பொம்பளக் குரல்காரன் பொண்ணுன்னு ஊரே சிரிச்சா அவ எப்படிலே இங்க வாழுவா?"

பாழாய்ப்போன குரல், மறைக்க நினைத்த அன்றுதானா அப்படிக் குழைய வேண்டும்! பாட்டு முடிந்ததும் பாடியவளைக் காட்டச் சொல்லிக் கூட்டம் கத்தியது. "அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று காசிராஜன் மைக்கில் சமாளித்தான். அதுவே வினையாகிவிட்டது. அந்த ஊரில் பாட்டுக்காரிக்கு ஆண்கள் துண்டு போர்த்த மாட்டார்கள். பெண் ஒருத்திதான் சேலை வைத்துக் கொடுப்பாள். கூச்சக்காரிக்குப் பெட்டிக்குப் பின்னாலேயே கொடுத்துவிடலாம் என்று விழாக் குழுவினர் தட்டோடு அனுப்பியது யாரை? மாப்பிள்ளையின் அம்மா பரிபூரணத்தை.

மைக்கும் கையுமாக நின்ற பொன்னுராஜ் குன்றிப்போனார். தலை நிமிரவில்லை.

"அண்ணாச்சி, பிடிங்க" என்று தட்டை நீட்டினாள் அவள்.

"மதினி, மன்னிக்கணும். உங்ககிட்ட..."

"எங்களுக்குத் தெரியும். பூ வைக்க வந்த அன்னைக்கே அடுப்படியில வச்சு உங்க மக சொல்லிட்டா. 'எங்கப்பா பொம்பளக் குரல்ல பாடுவாவ. அவியள யாரும் கேலி பண்ணக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா பூ வைங்க'ன்னா. அதுக்குப் பொறவுதான் நான் பூவையே எடுத்தேன்."

பொன்னுராஜ் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தோம். பாட்டுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. மறைச்சியளே, அதுதான் சங்கடமா இருக்கு."

அவள் தட்டை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். வெளியே கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பொன்னுராஜ் சேலைத் தட்டோடு தானாகவே மேடையின் முன்னால் வந்து நின்றார். மீசையைப் பார்த்து ஊரே சிரித்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையும் கைதட்டிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேலையை நீட்டும்போது, "யாருப்பா குடுத்தா?" என்று செல்லக்கனி கேட்பாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.