வெயில் இறங்கிய பின் எடுத்த படம்

சாய்ந்த வெயிலில் காரைப் படமெடுப்பதுபோல் வம்பு வேறில்லை. பக்கவாட்டில் அடிக்கிற வெளிச்சம் தகரத்தின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக் கொடுத்துவிடும். தகாய்தாய் மேட்டில், ஏரி தெரிகிற வளைவில், எஃப்ரெனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்திவிட்டுக் கேமரா வழியாகப் பார்த்தேன். வலப்பக்கக் கதவில் அலையலையாக மேடுபள்ளம். கதவு ஒரு சிவப்பு, அதை ஒட்டிய தகடு வேறொரு சிவப்பு.

எஃப்ரென் பழைய கார்களை வாங்கி விற்பவர். அவருடைய விளம்பரங்களுக்குப் படமெடுத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பாஸ், இது அடிபட்ட வண்டியா?"

"லேசா மரத்துல தட்டுச்சு."

"லேசாத் தட்டினதுக்கா கதவு முழுக்கப் பட்டி பூசியிருக்கீங்க?"

"உன்னை வண்டி பாக்கவா கூப்பிட்டேன்? படம் எடுக்கத்தானே. அந்தச் சூரியன் போகட்டும், அப்புறம் எடு."

அவருக்கும் தொழில் தெரியும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கால் மணி நேரம் ஒரு வெளிச்சம் இருக்கும், அதில் நிழலே விழாது. முக்காலியில் கேமராவைப் பூட்டினேன். வெளிச்சத்தை வானத்துக்கு அளந்தேன், காருக்கு அளக்கவில்லை. காருக்கு அளந்திருந்தால் கதவு தெரிந்திருக்கும். ஷட்டரை எட்டு வினாடி திறந்து வைத்தேன். இருட்ட இருட்டப் பதினைந்து, இருபது என்று நீட்டினேன். வானம் ஊதாவாக வந்தது, விளக்குகள் மின்னின, கதவு கருமையில் முழுகி இரண்டு சிவப்பும் ஒன்றாயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். வழக்கம்போல் ஓரத்தில் ரோடெல் என்று என் பெயரையும் போட்டேன். வெட்கம் வரவில்லை, படம் நன்றாக வந்ததே என்று சந்தோஷம்தான் வந்தது.

மூன்றே நாளில் வண்டி விற்றுப்போய்விட்டது என்றார் எஃப்ரென். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வில்பர்ட் ஊர் வந்தான். என் மகளுக்கு ஞானத் தகப்பன் அவன்; அந்த உறவில் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சரக்குக் கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவேண்டும் என்றே பதினோரு வருடம் உழைத்தவன். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மேட்டிலிருக்கிற புலாலோ சூப் கடைக்கு வரச் சொன்னான். போனேன். கடை வாசலில் அந்தச் சிவப்புக் கார் நின்றது.

"வா கும்பாரே. வண்டி எப்படி?"

"எப்ப வாங்கின? சொல்லவே இல்லையே."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ எடுத்த படம்தானே. நடுக்கடல்ல போன்ல பாத்தேன். மச்சினன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாக்கறேன்னான். ஓரத்துல உன் பேரு இருந்துச்சு. ரோடெல் பாத்த வண்டிடா, மெக்கானிக் எதுக்குன்னுட்டேன்."

அவன் கதவின்மேல் உள்ளங்கையை ஓட்டினான்.

"பதினோரு வருஷம் தகரத்தைத் தடவின கை. தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "எடுக்கறப்பவே," என்றேன். "வாங்கறது நீன்னு தெரியாது."

"வேற எவனோன்னா பரவால்லியா?"

அவன் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கதவுப் பக்கம் போய் நின்றான். காலை வெயில் அதன்மேல் சாய்வாக அடித்தது.

"கேமரா இருக்குல்ல? எடு."

"கும்பாரே, வேணாம்."

"கதவு நல்லாத் தெரியணும். எஃப்ரென்கிட்ட வாங்கப் போறவன்லாம் பாக்கட்டும். ஓரத்துல உன் பேரையும் போட்டுக் குடு. அந்தப் பேரை நம்பித்தானே வாங்கறோம்."

எடுத்தேன். பெயரையும் போட்டேன். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதோடு எஃப்ரென் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார், மற்ற வியாபாரிகளும் நிறுத்தினார்கள். அது போகட்டும், இப்போது கல்யாணங்களுக்குப் படமெடுத்து வயிற்றைக் கழுவுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வில்பர்ட் கப்பலிலிருந்து என் மகளுக்கு வழக்கம்போல் பரிசு அனுப்பினான், கூடவே ஒரு கடிதமும். அவள் சத்தமாகப் படித்தாள், என் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய பள்ளிக்கூடத்தை விசாரித்திருந்தான், அவள் அம்மாவை விசாரித்திருந்தான், எங்கள் நாயைக்கூட விசாரித்திருந்தான்.