கெம்பையா மெடிக்கல்ஸ்

மைசூர் அக்ரஹாரத்தில் சென்னிமலையை யாரும் சென்னிமலை என்று கூப்பிட்டதில்லை. கடைப் பலகையில் 'கெம்பையா மெடிக்கல்ஸ்' என்று எழுதியிருந்தது, கடைக்குள் ஓர் ஆள் நின்றான், ஆகவே அவன்தான் கெம்பையா. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆரம்பத்தில் அவனும் சிரித்துக்கொண்டே திருத்திப் பார்த்தான். பிறகு திருத்துவதை விட்டான். அதற்கும் பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்தாலே கழுத்து தானாகத் திரும்பியது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட, சோறு போடுகிற பெயருக்குக் காது சீக்கிரம் பழகிவிடுகிறது.

உண்மையான கெம்பையா செத்து இரண்டாவது தசரா வந்துகொண்டிருந்தது.

அவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மைசூரில் கடை போட்டவர். லைசென்ஸ் வந்தது, பலகை மாட்டியாயிற்று, விற்பனைக்குச் சென்னிமலையை அமர்த்தியாயிற்று. சொந்த ஊரான கௌதள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அங்கேயே எடுத்துவிட்டார்கள். அக்ரஹாரத்துக்காரர்களுக்கு அவர் முகமே சரியாகப் பழகியிருக்கவில்லை. காரியம் முடிந்து அவர் மனைவி தேவம்மா திரும்பி வந்த அன்று, கடையைத் திறந்துவிட்டவன் சென்னிமலைதான்.

பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்துக்கடை நடத்தக்கூடாது என்பது சட்டம். சென்னிமலையும் மருந்தாளுநர்தான். ஈரோட்டுப் பக்கத்துக்காரன். சேலத்தில் படித்து, மெட்ராஸில் பெயரைப் பதிந்து, முத்திரை குத்திய சான்றிதழைக் கையில் வைத்திருந்தான். மைசூரில் டீச்சர் வேலை பார்த்த சௌம்யாவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்டில் மூட்டைகளை இறக்கிப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். படிப்பையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கர்நாடகப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை இங்கே அவன் மருந்தாளுநர் இல்லை. ஏறுவதற்கு, ஆட்சேபணை இல்லை என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வரவேண்டும். அது ஒருவழியாக வந்தபோது குடியிருப்புக்குச் சான்று கேட்டார்கள். அதைக் கொடுத்தபோது, இந்த மாநிலத்தில் வேலையில் இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். பதிவுக்கு வேலை வேண்டும், வேலைக்குப் பதிவு வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"உங்க பேப்பரு வர்ற வரைக்கும் அவருது செவுத்துல இருக்கட்டும் தம்பி," என்றாள் தேவம்மா. "வந்த அன்னிக்கே அவருத எறக்கிப்போட்டு உங்களுத மாட்டிரலாம். அவரு போயிட்டாருன்னு வெளிய சொன்னா கடைய மூடிருவாங்க. ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?"

சில மாதங்கள்தானே என்று சென்னிமலை தலையாட்டினான். தன் விண்ணப்பத்தில் வெறும் விற்பனை உதவியாளன் என்று எழுதிக்கொண்டான். கெம்பையாவிடம் வேலை செய்வதாக கெம்பையாவே கொடுத்தது போல ஒரு கடிதமும் இணைத்தான். அதில் கையெழுத்துப் போட்டவனும் அவனேதான்.

தேவம்மாவின் பாடு இதைவிடக் கொடுமை. ஊரில் அவள் தாலி அறுத்தவள், அக்ரஹாரத்தில் கட்டுக்கழுத்தி. கெம்பையா உயிரோடிருக்கிறான் என்றால் அவன் பெண்டாட்டியின் நெற்றி வெறுமையாக இருக்கலாமா? தினமும் காலையில் வெறும் நெற்றியோடு வருவாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய், கைக்கண்ணாடியைப் பார்த்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, மஞ்சள் கயிற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வருவாள். சாயங்காலம் பொட்டை எடுத்து ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுப் போவாள். பசை போன பொட்டுகள் அங்கே வரிசையாக ஒட்டிக் கிடந்தன. அவள் பின்னால் போகும்போதெல்லாம் சென்னிமலை அலமாரியில் எதையாவது தேடுகிறவன் போல முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனுக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது.

"நான் கை வெக்கப்படாது தம்பி," என்றாள் தேவம்மா, குரலைத் தாழ்த்தி. "போன வருசந்தான் தீட்டுன்னு பூசையே போடாம விட்டுட்டோம். சௌம்யாவ வரச் சொல்லுங்க. அது வந்து பண்ணட்டும்."

சௌம்யா அதுவரை கடைப்பக்கம் வந்ததில்லை. செத்தவன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற புருஷனைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்ல நாளில் ஏன் மறுக்கவேண்டும் என்று பூஜைச் சாமான்களோடு வந்தாள். எதிர்ச்சாரியில் பூ விற்கிற லிங்கம்மா செவ்வந்தி மாலைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"கெம்பையா, இது யாரு? உன் தங்கியா?"

கெம்பையாவின் பெண்டாட்டி என்று தெரு நினைத்திருந்த தேவம்மா பொட்டும் பூவுமாகப் பக்கத்தில் நிற்கிறாள். தங்கச்சி இல்லை, பெண்டாட்டி என்று சென்னிமலையால் எப்படிச் சொல்ல முடியும்?

"ஆமா லிங்கம்மா," என்றான். அவள் காசை வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குத் திரும்பினாள்.

சௌம்யா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தராசுக்குக் குங்குமம் வைத்தாள், ஃபிரிட்ஜுக்கு வைத்தாள், ஷட்டருக்கு வைத்தாள், எல்லாவற்றுக்கும் செவ்வந்திப்பூ சாத்தினாள். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த கெம்பையாவின் பதிவுச் சான்றிதழுக்கு வந்தாள். அதன் மூலையில் அவருடைய சின்னப் புகைப்படம் இருந்தது. சௌம்யா சந்தனத்தைக் குழைத்து, கண்ணாடியின்மேல் அந்த நெற்றிக்கு நேராக ஒரு பொட்டு வைத்தாள். சட்டத்தைச் சுற்றி முழு மாலை போட்டாள். கீழே ஒரு அகல் ஏற்றினாள். அவள் வீட்டில் போய்ச்சேர்ந்தவர்கள் படத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். கை பழக்கத்தில் செய்ததா, மனசு எரிந்து செய்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

உயிரோடிருக்கிறவன் படத்துக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அன்று பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் அவர் செத்துப்போனது மூன்று பேருக்கும் தெரியும். பிசகு அங்கேதான் நடந்தது. தசரா முடிந்து மற்ற பூக்களையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அந்த மாலையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

லீவு முடிந்த வாரத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். சோதனைக்கு வரவில்லை, சென்னிமலையின் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்திருந்தார். எல்லையோரக் கொள்ளேகால்காரர், கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"சென்னிமலை யாரு?"

"நான்தானுங்க சார்." அந்தக் கடையில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் மெட்ராஸ் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்போடு ஒப்பிட்டார். "எல்லா சரியா இருக்கு. பெங்களூர்ல ஒத்துக்கிட்ட மாதிரிதான். நான் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அடுத்த மாசம் உன் பேரு ஏறிடும்."

தேவம்மா காபி கொண்டுவந்தாள். மேசைக்கு அடியில், சென்னிமலையின் சான்றிதழுக்கென்று புதுக் கண்ணாடிச் சட்டம் ஒன்றை அவள் எப்போதோ வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். அதைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைச் சென்னிமலை கவனித்தான். பொய்த்தாலி இன்னும் ஒரு மாசம்தான் என்று அவள் நினைத்திருப்பாள். அவனும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"கெம்பையா எல்லி? லெட்டர் கொடுத்திருக்காரே."

"ஊருக்குப் போயிருக்காருங்க. நாளைக்கு வந்துருவாரு," என்றாள் தேவம்மா. பொய் அவளுக்கு நன்றாகவே பழகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கெம்பையாவின் பதிவு எண்ணைப் பார்த்து எழுதச் சுவரை நிமிர்ந்து நோக்கினார். வாடிய மாலையைப் பார்த்தார். காய்ந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாவ. எப்ப தீர்ந்து போனாரு?"

குரலில் அதிகாரமே இல்லை. துக்க வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் தேவம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"அது... ஆயுத பூஜைக்குப் போட்டதுங்க சார்," என்றான் சென்னிமலை.

"ஃபிரிட்ஜுக்குக் குங்குமம் வெச்சிருக்கு. இவருக்குச் சந்தனம் வெச்சிருக்கு. எங்க அப்பா போட்டோவுக்கு நாங்க இப்படித்தான் வெப்போம்." மனுஷர் நல்லவர், வம்புக்கு வந்தவர் இல்லை. "உசுரோட இருக்கிற ஆளுக்கு இப்படிச் செய்யக்கூடாது அம்மா. அபசகுனம். எடுத்துடுங்க."

சரி என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு மூச்சுவிடும் நேரம் போதும், சென்னிமலை அவன் பெயரோடு பிழைத்துக்கொண்டிருப்பான்.

"கெம்பையா, என் சக்கரை மாத்திரை கொடு," என்று வாசலில் லிங்கம்மாவின் குரல் கேட்டது.

"இதோ லிங்கம்மா," என்று திரும்பினான் சென்னிமலை. கை அலமாரிக்குப் போய்ச் சரியான அட்டையை எடுத்தது. எடுத்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அட்டை கையிலேயே இருந்தது, நீட்டவும் முடியவில்லை, திரும்ப வைக்கவும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கோப்பைப் புரட்டி, கெம்பையாவின் கடிதத்தை எடுத்து, அதிலிருந்த கையெழுத்தையும் சுவரிலிருந்த மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்தும் நீதானா?"

"ஆமாங்க சார்," என்றான் சென்னிமலை.

"மெட்ராஸ் சர்டிபிகேட்டாவது நிஜமா?"

"நிஜந்தானுங்க சார். படிச்சு வாங்கினது."

"பின்ன ஏன்யா," என்றார் அவர். அவருக்கே தாங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நிஜமான ஆளு ஏன்யா பொய்யா நின்னே?"

அன்றே ஷட்டரை இறக்கி அரக்கு முத்திரை வைத்தார்கள். அதற்கு முன்னால் தேவம்மா எல்லோர் எதிரிலும் நெற்றிப் பொட்டைப் பிய்த்தாள். பழக்க தோஷத்தில் உள்ளே போய் அதை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் மற்றவற்றோடு ஒட்டிவிட்டு வந்தாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றி மடியில் சொருகிக்கொண்டாள். அக்ரஹாரத்தைப் பொறுத்தவரை கெம்பையா அன்றைக்குத்தான் செத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து துக்கம் கேட்டார்கள். புருஷனுக்காக ஊரில் ஒருமுறை அழுதவள், தெருவில் நின்று இன்னொருமுறை அழுதாள். இந்தமுறை கடைக்கும் சேர்த்து அழுதாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கௌதள்ளிக்கே போய்விட்டாள். போகிறபோது அந்தப் புதுக் கண்ணாடிச் சட்டத்தைச் சென்னிமலை கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. ஆள்மாறாட்டம், போலிக் கையெழுத்து என்று எழுதி, மெட்ராஸுக்கும் நகல் அனுப்பியிருந்தார்கள். அங்கே இருக்கிற பெயரையும் ஏன் நீக்கக்கூடாது என்று அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள். பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றாகிவிட்டது அவன் கதை.

"நான் வச்ச பொட்டு," என்றாள் சௌம்யா, ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே.

"நான் சொன்ன தங்கச்சி," என்றான் அவன்.



கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டிருந்த சென்னிமலை, மழைக்காலம் தொடங்கியபோது ஒரு வேலையாக அக்ரஹாரத்துப் பக்கம் போனான். முத்திரை வைத்த ஷட்டருக்கு எதிரே லிங்கம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால் கட்டைவிரலில் அழுக்குத்துணி சுற்றியிருந்தது. துணியைத் தாண்டி நீர் கசிந்தது. அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பகீரென்றது.

"லிங்கம்மா, மாத்திரை சாப்பிடறயா?"

அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எல்லாத்தையும் சாக்கடைல கொட்டிட்டேன். யாரோ கள்ள ஆளு கொடுத்த மாத்திரை. அத தின்னு சாகறதுக்கா?"

"அது சரியான மாத்திரை லிங்கம்மா. டாக்டர் எழுதினதத்தான் கொடுத்தேன். நான் அதுக்குப் படிச்சவன்."

"கெம்பையான்னு கூப்பிட்டேன், திரும்பினே. ஒருநாளாவது இல்லேன்னு சொன்னயா?"

அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "தப்புதான். என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா இந்தக் காலு இப்படியே விட்டா எடுக்க வேண்டி வரும். இன்னிக்கே டாக்டர்கிட்ட போ. மாத்திரை எங்கிட்ட வாங்க வேண்டாம், வேற எந்த மெடிக்கல்லயாவது வாங்கிக்கோ."

லிங்கம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அங்க நிக்கறவன் மட்டும் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

காலைச் சாக்குக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டு, அடுத்த முழத்தைக் கட்ட ஆரம்பித்தாள்.