குப்பையின் சூடு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றி எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. என் வீட்டுக் கூடையோ எப்போதும் பிதுங்கி வழியும். தெரிந்த மாதிரி எழுதிவிடலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே கட்டுரை கைநழுவிப் போயிற்று.

2

முதல் வரி: ‘குப்பை என்பது நாம் பார்க்க மறுக்கும்…’ (வேண்டாம். நானே மேற்கொண்டு படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: ‘என் அக்காவுக்கு மூக்கு இருந்தது, வாசனைதான் இல்லை.’ பரவாயில்லை. உண்மையும்கூட.

அக்கா பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவள். ரொட்டி வெந்ததை மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கேக்குகள் கருகின. முதலாளி அவளைப் பெட்டி கட்டும் மேசைக்கு மாற்றினார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அந்த மேசையில் நாள் முழுக்கப் பைக்குள் பெட்டி, பெட்டிக்குள் தாள், தாளுக்குள் ஒரு துண்டு கேக்.

“இதெல்லாம் கடைசியில எங்கடி போகும்?” என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அவள் வீட்டில் ஆரம்பித்துவிட்டாள். கடைக்குத் துணிப்பையும் டப்பாவும் போயின. சமையல் அளவோடு நடந்தது. மிஞ்சியது மறுநாள் வேறு பெயரில் தட்டுக்கு வந்தது. காய்கறித் தோலும் காம்பும் பால்கனி உரத்தொட்டிக்கு.

3

(அக்காவின் கணவரை, அதாவது மாமாவை, எப்படி எழுதுவது என்று சந்தேகம். பஸ் ஓட்டுபவர். முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன், கதைக்கு வசதி என்று. ஆனால் பால்கனிக் கதவைச் சாத்தியதைத் தவிர அந்த மனுஷன் ஒரு பாவமும் செய்யவில்லை.)

“நாத்தம் தாங்கல. உனக்கென்ன, நீ தப்பிச்ச,” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். “அப்ப நீங்களே மோந்து சொல்லுங்க. நாறினா காஞ்ச இலை போடுறேன்.”

யார் விஷயத்திலும் மூக்கை நுழைக்காத மாமா, அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் தொட்டிக்குள் நுழைத்தார். “இன்னிக்குப் புளிக்குது.” “இன்னிக்குத் தேவலாம்.” அக்கா அதற்கேற்ப இலை போட்டாள், கிளறினாள்.

4

கட்டுரைக்காக நான் போய்ச் சேர்ந்ததும் அக்கா தொட்டியைத் திறந்து, “கையை விடு,” என்றாள். தயங்கினேன். மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழுத்தினாள்.

சுட்டது.

“அடியில என்ன வெச்சிருக்க?”

“ஒண்ணும் இல்லடி. அதுவா சுடுது.”

கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அங்கே தின்று, மூச்சுவிட்டு, சூடேற்றிக்கொண்டிருந்தன. போன மாதத் தோல்களைத் துழாவினேன். ஒன்றுகூட இல்லை. கரிய பொடிதான் விரலில் ஒட்டியது. அப்போது எனக்கு…

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

5

சில வாரம் கழித்து ஒரு காலை. நான் அங்கேதான் இருந்தேன்.

“மழை பெஞ்சுதா?” பால்கனியிலிருந்து அக்கா கேட்டாள்.

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொட்டியின் மேல் குனிந்து, அசையாமல் நின்றாள். மாமா போய்ப் பக்கத்தில் குனிந்தார். நெடுநேரம் மோந்தார்.

“மண்வாசனை,” என்றார் மெதுவாக. “எனக்கும் வருது.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சோப்பு, மிளகு, காப்பித்தூள் என்று ஓடி ஓடிக் கொண்டுவந்தேன். எதுவும் வரவில்லை. மண் மட்டும் வந்தது. மாமா உள்ளங்கையில் அள்ளி அள்ளி நீட்டிக்கொண்டிருந்தார்.

6

முடிவு ஒன்று: எல்லா வாசனையும் திரும்ப, அக்கா பழைய வேலைக்குப் போகிறாள். பத்திரிகைக்குப் பிடிக்கும். முடிவு இரண்டு: அது வெறும் பிரமை என்கிறார் மருத்துவர். எழுதினேன், அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். “ஒரு தட்டு ரொட்டி மட்டும் அடுப்புல நான் பாக்குறேனே,” என்று முதலாளியிடம் கேட்டாள். இன்றைக்குச் சரி என்றார். நான் கடையின் முன்பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், அடுப்பின் முன்னே, கண்ணை மூடி நிற்கிறாள். ரொட்டி வெந்துவிட்டது, எனக்கு மணக்கிறது. அவள் கை இன்னும் அசையவில்லை.

அந்தக் கையைக் கதையில் அடுப்புக் கதவை நோக்கி நகர்த்த எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் நகர்த்துங்கள். சீக்கிரம், கருகிவிடும்.